தார்நாகாவில் ஒரு கைப்பட்டையும் என் மகளின் உள்ளங்கையும்

பேச்சு வராதவர்களின் மனநிலையைக் காட்டும் கைப்பட்டை ஒன்றை ஹைதராபாத்தில் சோதிக்கிறார்கள் என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. என் மகள் நிவேதாவுக்குப் பத்தொன்பது வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை, எழுதியும் காட்ட மாட்டாள். போன ஜூலையில் இருவரும் கிளம்பினோம். இதே காரணத்துக்காகப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து மாலை ரயில். மறுநாள் காலை எட்டரைக்குச் செகந்திராபாத். அவள் தூங்கினாள், நான் தூங்கவில்லை. சோதனை நடக்கும் தார்நாகா ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். நாங்கள் பேசியதைக் கேட்ட ஆட்டோக்காரர் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"மீட்டர் கைக்கு, எதுக்கும்மா? நூத்தம்பது குடுங்க, வாசல்லயே விடுறேன்."

பேரம் பேசத் தெம்பில்லை. ஏறிக்கொண்டோம்.

மூன்று பேர் நடத்தும் சின்ன முயற்சி அது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்களைக் கவனித்துக்கொண்ட சுதா, பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். வாட்ச் மாதிரி ஒரு பட்டையை நிவேதாவின் இடது மணிக்கட்டில் கட்டினாள். நாடித்துடிப்பையும் வியர்வையையும் அது அளக்கும். படபடப்பு கூடினால் திரையில் கோடு ஏறும். நிவேதாவின் மனநிலை எப்படி இருக்கிறது என்று நான் தனியாகக் குறித்துக்கொண்டே வர வேண்டும்.

பதினொரு மணிக்கு நிவேதா முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உரக்க முனகினாள். 'தவிப்பு' என்று எழுதிவிட்டு, வழக்கம்போல் அவள் வலது உள்ளங்கையைப் பிடித்து அழுத்தினேன். ஆட்டம் நின்றது. 'அமைதி' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை இப்படி நடந்தது.

சுதா திரையை என் பக்கம் திருப்பினாள். ஆடும்போதெல்லாம் கோடு தாழ்ந்தே இருந்தது. நான் கையைப் பிடித்த மூன்று இடத்திலும் ஏறியிருந்தது.

"மெஷின் தப்பா காட்டுதாம்மா?"

"இருக்கலாம் ஆன்ட்டி. சந்தோஷத்துலயும் ஏறும். ஏன்னு இதுக்குத் தெரியாது. அடுத்த தடவை நக்கோ, புடிக்காதீங்க. கைய நீட்டிட்டுச் சும்மா இருங்க. வேணும்னா அவங்களே புடிப்பாங்க."

அடுத்த முறை கையை மட்டும் நீட்டினேன். நிவேதா அதைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. தொடர்ந்து ஆடினாள். கோடு அசையவில்லை.

"ஹவ், ஆமா ஆன்ட்டி, பாத்தீங்களா?" என்றாள் சுதா மெதுவாக. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். பத்தொன்பது வருஷமாக, கோவிலில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் பிடித்துக்கொண்டே இருந்த கை.

திரும்பும் ஆட்டோ நெரிசலில் நின்றது. சுற்றிலும் ஹார்ன். என் கை தானாக அவள் பக்கம் போயிற்று. இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நிவேதா என் முந்தானையை எடுத்துத் தன் இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். ஸ்டேஷன் வரும்வரை விடவில்லை.

பட்டை இன்னும் விற்பனைக்கு வரவில்லை. போகிறவர்கள் சோதனைக்கென்று ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். போய்ச் சேர்ந்த அன்றே சோதனை வேண்டாம், அறை எடுத்துத் தூங்கிவிட்டுப் போங்கள். பிள்ளைக்குப் பழகிய சாப்பாடு கையில் இருக்கட்டும். முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள், பிள்ளைக்காக இல்லை, உங்களுக்காக.

பழக்கத்தில் இன்னும் என் கை நீள்கிறது. பாதி நாள் மறந்து பிடித்தும்விடுகிறேன். இப்போது அவள் கையை உருவிக்கொள்கிறாள். நானும் விட்டுவிடுகிறேன்.