சீமைச் சமையற்காரிக்கு வந்த போன்கள்

டெக்ஸாஸில் போய் இறங்கியபோது என் பாஸ்போர்ட்டில் இருந்தது எச்-4 விசா. கணவன் வேலைக்கு வரலாம், மனைவியும் கூட வரலாம், ஆனால் அவள் வேலை என்று எதையும் செய்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். சமைக்கலாம், துவைக்கலாம். அதெல்லாம் வேலை என்று அமெரிக்க அரசாங்கமும் நினைக்கவில்லை, என் வீட்டுக்காரரும் நினைக்கவில்லை. சென்னையில் பத்து வருஷம் ட்ரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவள் நான். 'லைன் கிடைக்கலை சார், அப்புறம் ட்ரை பண்ணுங்க' என்று கலெக்டரிடமே சொன்ன வாய். நாங்கள் குடியேறிய இர்விங் ஊர் அபார்ட்மெண்டில் அந்த வாய் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தது.

கேபிள் வீண் செலவு என்பது வீட்டுக்காரரின் கொள்கை. ஆன்டெனாவில் வந்த நாலைந்து சேனல்களில் ஒன்று, விளம்பரம் இல்லாமல் நேயர்களின் நன்கொடையில் ஓடும் பொதுத் தொலைக்காட்சி. சனிக்கிழமை மத்தியானம் அதில் ஒரு பழைய இங்கிலாந்து சீரியல் போடுவார்கள். கடற்கரை ஊரில் ஒரு தங்கும் விடுதி, அதில் முதலாளி முதல் போஸ்ட்மேன் வரை எல்லோரையும் கரண்டியோடு விரட்டும் ஒரு சமையற்காரி. மற்றவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரியும். அவள் திட்டுவது மட்டும் முழுதும் புரியும்.

வருஷத்துக்குச் சில வாரங்கள் அந்தச் சேனல்காரர்கள் கதையை நடுவில் நிறுத்திவிட்டுக் கையேந்துவார்கள். திரையில் ஒரு நம்பர் ஓடும். பின்னால் இரண்டு வரிசையில் ஆட்கள் உட்கார்ந்து போன் எடுப்பார்கள். அவர்கள் சம்பளமில்லாமல் வருகிறவர்கள் என்று ஒருநாள் தெரிந்ததும் நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"சம்பளம் கிடையாதே?" என்றார் வீட்டுக்காரர்.

"கிடையாது."

"அப்ப பண்ணு. இமிக்ரேஷன்ல ஒண்ணும் சொல்ல மாட்டான்."

பெண்டாட்டிக்குச் சம்பளம் இல்லை என்று தெரிந்து ஒரு மனிதன் இவ்வளவு நிம்மதி அடைந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். டிவியில் வரப்போகிறேன் என்று நாலே நாலு பேரிடம்தான் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

ஸ்டுடியோவில் டீ மேஜை அருகே முத்துமாலை போட்ட ஒரு சின்ன உருவம் தனியாக நின்றுகொண்டிருந்தது. சமையற்காரி. சீரியலில் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்பவர் நேரில் என் தோளுக்குத்தான் இருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீங்கள் பிரமாதமாகச் சமைக்கிறீர்கள்" என்று உளறிவைத்தேன்.

"எனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது" என்றார்.

பிறகு, யாரும் கேட்காமலே சொல்லும் தனிமையில் இருந்தாரோ என்னவோ, தன் கதையைச் சொன்னார். இருபது வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ராணிகளாகவே நடித்தவர். தலை வெட்டப்படும் ராணி, விஷம் குடிக்கும் ராணி. வாரத்துக்கு எட்டு தடவை செத்தேன் என்று பெருமையாகச் சொன்னார். நாற்பது வயதில் டிவிக்காரர்கள் கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். ஆறு வருஷம் ஓடியது. அது முடிந்து மேடைக்குத் திரும்பி, ராணியாக விஷக் கோப்பையைத் தூக்கிய அன்று சபை சிரித்தது. சூப்பில் உப்பு பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார்களாம். அதன் பிறகு ஏப்ரன் கட்டிய வேஷம்தான் வந்தது. கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. அவர் நாட்டில் மறந்துபோன சீரியலை அமெரிக்காவில் மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதனால் இப்படி ஊர் ஊராக வரவழைத்து சோபாவில் உட்காரவைக்கிறார்கள்.

"போன் அடித்தால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள்" என்றார். "போன வாரம் வேறொரு ஊரில் அடிக்கவில்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆறிப்போன டீயில் இன்னொரு தடவை சர்க்கரை போட்டார்.

நிகழ்ச்சி தொடங்கியது. அவருடைய சோபாவுக்கு நேர் பின்னால் என் நாற்காலி. பத்து நிமிஷம் ஒரு போனும் அடிக்கவில்லை. தொகுப்பாளர் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் போனை முறைத்துக்கொண்டே இருந்தேன். பத்து வருஷ சர்வீஸில் ஒரு போன் அடிக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அடித்தது. எடுத்தேன்.

"என்னம்மா, டிவில வர்றே, புடவைதான் தெரியுது, மூஞ்சியே தெரியல! அந்த வெள்ளக்கார அம்மா மறைக்கிறாங்க. கொஞ்சம் லெஃப்ட்ல நகரேன்!" எங்கள் காம்ப்ளெக்ஸில் மாடி வீட்டு ஆன்ட்டி.

வைத்தேன். அடுத்தது ஆலன் என்ற பக்கத்து ஊரிலிருந்து, இலங்கைக்கார டாக்டர் அங்கிள். "பிள்ளை, சீலை வடிவாத் தெரியுது, முகத்தைத்தான் காணேல்லை." அதற்குள் பக்கத்து மேஜைகளிலும் அடிக்க ஆரம்பித்தது. எடுத்த வெள்ளைக்காரப் பெண்மணிகள் ஒவ்வொருவராகத் திரும்பி, "பச்சைப் புடவைப் பெண்ணை யாரோ கேட்கிறார்கள்" என்று என்னிடம் நீட்டினார்கள். நாலு பேரிடம் சொன்னது நாற்பது வீட்டுக்குப் போயிருந்தது. வி.சி.ஆரில் ரெக்கார்டு பண்ணுகிறார்களாம், முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறார்களாம். போன் பண்ணிவிட்டுச் சும்மா வைக்கக் கூச்சப்பட்டு நன்கொடையும் எழுதச் சொன்னார்கள்.

"போன் ஓயவில்லை!" என்று தொகுப்பாளர் சோபாவைக் காட்டிக் கூவினார். "எல்லாம் இந்த அம்மாவின் மகிமை!"

இடைவேளையில் சமையற்காரி நேராக என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "உங்களுக்குத்தான் நிறைய வந்தது. என்ன சொன்னார்கள்?"

மூஞ்சி தெரியாமல் நீங்கள் மறைப்பதாகச் சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வது? லைன் கிடைக்காததற்கு ஆயிரம் காரணம் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்தது. ஒரு பெண்மணி உங்களைப் பார்க்காமல் சனிக்கிழமை சாப்பிடுவதே இல்லையாம் என்றேன். ஒரு டாக்டர் இங்கிலாந்தில் படித்தவர், அந்தக் காலத்தில் உங்களை மேடையில் பார்த்தாராம் என்று அள்ளிவிட்டேன்.

"எந்த வேஷத்தில்?"

மாட்டிக்கொண்டேன். "விஷம் குடிக்கும் ராணியாக. யாரும் சிரிக்கவில்லையாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்கு அந்த ஸ்டுடியோவில் நடித்தவள் நான்தான்.

அடுத்த வருஷமும் அவரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் எனக்கு வேலை செய்ய அனுமதி வந்து, பக்கத்தில் லாஸ் காலினாஸ் பகுதியில் ஒரு ஆபீஸில் போன் எடுக்கும் வேலையும் கிடைத்திருந்தது. சம்பளத்துக்கு எடுக்கிற போனில் எல்லோரும் திட்டத்தான் கூப்பிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காலை எனக்கு டியூட்டி, ஸ்டுடியோவுக்கு வரமுடியாது என்று சொல்லியிருந்தேன். வீடு திரும்பி டிவியைப் போட்டால், அதே சோபா, அதே முத்துமாலை. பின்வரிசையில் என் நாற்காலியில் ஒரு தாத்தா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர் கையிலும் ரிசீவர் இல்லை. தொகுப்பாளர் மூன்றாவது முறையாக நம்பரைச் சொன்னார். சமையற்காரி ஒரே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி சிரித்தபடி கேமராவைப் பார்த்தார்.

போனை எடுத்து மாடி வீட்டு நம்பரை அழுத்தினேன். ஊரில் உள்ள தமிழ் வீட்டு நம்பர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். தொழில் புத்தி.

"ஆன்ட்டி, இன்னிக்கும் டிவில வர்றேன். உடனே அந்த நம்பருக்கு போன் பண்ணுங்க. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

வீட்டில் இருந்துகொண்டே சொன்னேன், கூசாமல். பதினாறு வீடு. பத்தாவது வீட்டை முடிப்பதற்குள் தாத்தா ரிசீவரை எடுத்துவிட்டார். அப்புறம் பக்கத்தில் ஒருவர், அதற்குப் பக்கத்தில் ஒருவர். பச்சைப் புடவைப் பெண் எங்கே என்று கேட்டதும் அவர்கள் திருதிருவென்று விழித்திருப்பார்கள். ஆனால் சோபாவில் இருந்தவருக்கு அது கேட்காதே, மணிச் சத்தம்தானே கேட்கும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்து நீண்டது. சத்தியமாக ஒரு ராணி மாதிரிதான் இருந்தது.

மறுநாள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக்கில் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா இருந்தே நேத்து? கண்ணு வலிக்கத் தேடினேன். போன் பண்ணிக் கேட்டா, அப்படி யாரும் இல்லைங்கறான்!"

"இருந்தேனே ஆன்ட்டி" என்றேன். "அவங்களுக்குப் பின்னாடி."