இறங்கும்போது தட்ட வேண்டும்

எங்கள் டிப்போவில் அவருக்குப் பெயர் சில்லறை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சம்பளப் பட்டியலைத் தவிர அது எங்கும் வழங்குவதில்லை. இருபத்தாறு வருஷ கண்டக்டர், அதில் பத்தொன்பது வருஷம் நான் ஓட்டும் வண்டியில். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பார். மீதிக் காசு கேட்டால் டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்துவிட்டு, "இறங்கும்போது பாக்கலாம்" என்பார். பாதிப் பேர் மறந்து இறங்கிவிடுவார்கள். மனுஷன் திருடன் இல்லை, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார். கேட்காதவர்களை அவராகக் கூப்பிட்டதும் இல்லை.

இப்படிப்பட்ட ஆளைத்தான், காசைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு நாட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

அவர் மனைவி நர்ஸ். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். பிள்ளைகள் இல்லை. வீடு கட்டி முடிந்ததும் வந்துவிடுவது என்று பேச்சு. வீடு முடிந்து நாலு வருஷம் ஆகிறது. மாடி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. கீழே இவர் ஒரு பாயும் ஒரு மின்விசிறியுமாகக் குடியிருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த அண்ணி, கடைசியாக வந்துபோய் மூன்று வருஷம். வருகிறாரா இல்லையா என்று நேரில் போய்க் கேட்டுவிடச் சொல்லி இவரை நச்சரித்தது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பதினைந்து நாள் லீவில் போனார். போய் இறங்கியதுமே அண்ணி தன் பழைய போன் ஒன்றைக் கையில் கொடுத்தாராம். அண்ணியின் பணக்கணக்கே அதில் இருந்தது. எந்தக் கடையிலும் இதைக் காட்டினால் போதும். இவர் நம்பவில்லை, ஊரிலிருந்து மாற்றிக் கொண்டுபோன நோட்டை டீக்கடையில் நீட்டியிருக்கிறார். கடைக்காரப் பெண் கல்லாப்பெட்டியே இல்லை என்று கையை விரித்தாளாம். பாலத்தடியில் பிச்சை எடுத்தவர்கூடப் போனில் காசு வாங்கக் கட்டம் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாராம். இருபத்தாறு வருஷத் தொழிலுக்கு அங்கே செல்லாக்காசு மதிப்பு.

போனைக் காட்டினால் டிங் என்று ஒரு சத்தம். ஒரே கணக்கு என்பதால் அதே டிங் அண்ணியின் போனிலும் கேட்கும். இவர் டீ குடித்தால் அங்கே டிங், வாழைப்பழம் வாங்கினால் டிங். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், இன்றைக்கு இரண்டு டீயா என்று கேட்பாராம். அன்றைய பேச்சு அவ்வளவுதான். நம்மையும் ஒரு ஆள் கவனிக்கிறதே என்று முதல் நாலு நாள் இவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறும்போது வாசலில் இருக்கும் பெட்டியில் போனைத் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். தட்டாமல் இறங்கினால், கடைசி நிறுத்தம்வரை போனதாக எடுத்துக்கொண்டு, பஸ் அங்கே போய்ச் சேர்ந்ததும் முழு டிக்கெட் காசையும் பிடித்துவிடும். நோயாளிக்கு மாத்திரை சொல்வதுபோல அண்ணி இதை மூன்று தரம் சொல்லிக் கொடுத்தாராம். இவர் சீட் காலியாக இருந்தாலும் பின்வாசலில் நின்றுகொண்டுதான் போவாராம்.

பதினோராம் நாள் வாயைத் திறந்து கேட்டார். "ஊருக்கு வந்துடறியா?"

அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டே, "பாக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தையை வைத்தே இருபத்தாறு வருஷம் பிழைத்தவருக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படியென்றால் நாளைக்கே கிளம்புகிறேன் என்றாராம். மறுநாள் காலை அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நான் ஏஜென்டைப் பிடித்து டிக்கெட்டை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தேன்.

ஆனால் பையைக் கட்டியதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. விமான நிலையம் போகிற பஸ் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும். நடுவில் இறங்கி ஒரு வார்த்தை பதமாகப் பேசிப் பார்க்கலாம், இரு என்றால் இருந்துவிடலாம், டிக்கெட் போனால் போகிறது என்று பையோடு ஏறினார்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவருக்கு முன்னால் ஊன்றுகோலும் சூட்கேசுமாக ஒரு பெரியவர். இவர் கை சும்மா இருக்குமா? சூட்கேசை இறக்கி, பெரியவரின் முழங்கையைப் பிடித்து இறக்கி, தானும் குதித்து, எல்லாரும் இறங்கியாச்சா என்று ஒரு பார்வை பார்த்து, பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. போலாம் ரைட். பஸ்ஸும் போய்விட்டது. தட்டத்தான் தட்டினார், பெட்டியில் இல்லை, பஸ்ஸில்.

கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அண்ணி இருந்தார், கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு. முன்னால் இருந்த தட்டு தொடாமல் கிடந்தது. அந்தப் பெண்கள் எழுந்ததும் கிட்டப் போகலாம் என்று இவர் தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். சட்டைப்பையில் டிங். மேஜைமேல் இருந்த அண்ணியின் போனிலும் டிங். எடுத்துப் பார்த்தார். பயணம் முடிந்தது, கடைசி நிறுத்தம், விமான நிலையம் என்று இருந்தது.

தட்டாமல் இறங்கியது அப்போதுதான் உறைத்தது. அங்கே அண்ணியும் அதையேதான் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவாள் என்று இவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார் என்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் யோசித்து வைத்துவிட்டாராம்.

அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டார். பக்கத்துப் பெண் ஏதோ கேட்டாள். அண்ணி ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ருசித்து, கடைசிப் பருக்கைவரை. எழுந்துபோய் இன்னொரு கரண்டிச் சோறும் வாங்கி வந்தார்.

இவருக்குக் கோபம் வரவில்லையாம், அழுகையும் வரவில்லையாம். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க இருந்ததாம். பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே வந்தார். பஸ் ஏறினால் இன்னொரு டிங் போகும், எங்கிருந்து ஏறினார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். விமான நிலையத்துக்கு எட்டு கிலோமீட்டர் நடந்தே போனார். வழியில் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

இதையெல்லாம் அவர் டிப்போ ஷெட்டில் உட்கார்ந்து, டிக்கெட் மெஷினுக்குப் பேப்பர் ரோல் மாற்றிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தம்மா ஒரு போன்கூடவா பண்ணவில்லை என்று கேட்டேன். பண்ணாமல் என்ன, பண்ணினாள் என்றார். விமானத்துக்கு வரிசையில் நின்றபோது வந்ததாம்.

"சொல்லாமலே கிளம்பிட்டீங்க."

"நேத்தே சொன்னேனே."

"காலையிலேர்ந்து ஒரு டீகூட வாங்கலையே. பசிக்கலையா?"

"இல்ல. நீ சாப்பிட்டியா?"

"எங்க? நீங்க ஏர்போர்ட் போயிட்டதா வந்த மெசேஜைப் பார்த்ததுலேர்ந்து ஒரு வாய்கூட இறங்கல."

"சரிம்மா," என்றாராம். "போய் சாப்பிடு."