அணிலுக்கு அப்புறம்

தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு ஆனி மாதம் பிறந்தாலே லேசான ஒரு கலக்கம் வரும். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று யாரும் யாருக்கும் கடிதம் போடுவதில்லை. ஆனாலும் செய்தி கோவில்பட்டி வரைக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். போன வேகத்தில் எங்கள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பிவரும். எங்கள் வீட்டில் இரண்டு அறையும் ஒரு அடுக்களையும்தான். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தே வந்துவிடலாம். அது வீட்டின் பெரிய குறை என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ஒவ்வொரு சீசனுக்கும் முதலில் வருவாள். மாமா இறந்து பல வருஷமாகியிருந்தது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், மருமகளின் பிறந்த வீட்டார் என்று ஒரு பட்டாளம் பின்னால் வரும். காலையில் அருவிக்குப் போய்விட்டு நல்ல பசியோடு வருவார்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் மறுபடியும் போவார்கள். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கும். ஒன்றுகூடக் காயாது. அந்த வாடையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கால் ஓய்ந்துபோகிறது.

இத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டுவிட்டு அம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எட்டாவது படித்து, அந்தப் படிப்புக்கு உண்டான பயிற்சியை முடித்து வேலைக்கு வந்தவள். அவளுக்குப் பிறகு வந்த ஒரு சின்ன வயது டீச்சர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்ததால் அவருக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

“பத்து வருஷமா அணில், ஆடுன்னே சொல்லிக் குடுத்தாச்சு. அணிலுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு நானும் பாக்கண்டாமா? பிரைவேட்டா பரீட்சை எழுதப் போறேன்.”

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எந்தக் காகிதத்தையும் உடனே மறுக்கவும் மாட்டார், உடனே ஒப்பவும் மாட்டார். “எழுதேன்” என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்குப் புத்தகத்தைப் பிரித்து உட்கார நேரமில்லாததால், அவள் இட்லிக்கு அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை உரக்க வாசிப்பது என் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மழையாகப் பொழிகிறது என்று நான் வாசிப்பேன். குழவியைச் சுற்றிக்கொண்டே அம்மா அதைத் திருப்பிச் சொல்லுவாள். அந்தக் காற்றே வாசலில் வந்து ஈரத் துண்டுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பாள். “பரீட்சைக்குப் போறது ஆரு? ஆத்தாளா, மவளா?”

கணக்கை மட்டும் வாசித்துக் காட்ட முடியாது. அதை எழுதித்தான் பார்க்க வேண்டும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அருவிக்குக் கிளம்பியபோது, தான் வீட்டில் இருப்பதாக அம்மா சொன்னாள். அத்தை விடவில்லை.

“நீ இல்லாம நாங்க மட்டும் என்னத்தைக் குளிக்க? கெளம்புளா. புஸ்தகம் எங்கயும் ஓடிறாது.”

புளியோதரைத் தூக்குவாளி வைத்திருந்த பையிலேயே கணக்குப் புத்தகத்தையும் போட்டுக்கொண்டு அம்மா வந்தாள். பேரருவியில் அன்று நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். துணிமணிக்கும் சோற்றுக்கும் ஒருவர் காவல் இருக்க வேண்டுமே என்ற பேச்சு எழுமுன்பே, “நான் இருக்கேன் மயினி, நீங்க போங்க” என்றாள் அம்மா அத்தையிடம். அவள் குரலில் அப்படி ஒரு அவசரம்.

எனக்குத்தான் முதலில் குளிர் தாங்கவில்லை. பல் கிட்டித்துக்கொண்டு ஓடி வந்தேன். அம்மா இருந்த இடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, சாரலில் நனைந்தபடி அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் பென்சில் அப்படியே இருந்தது. காலடியில் இரண்டு குரங்குகள். ஒன்று தூக்குவாளிக்குள் கையை விட்டுப் புளியோதரையை அள்ளித் தின்றது. இன்னொன்று கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்து, விடையைத் தேடுகிறதுபோல ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

நான் போய் எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. இந்தப் பொம்பளை யாரோ என்பதுபோலக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர்தான் துண்டை வீசிக் குரங்குகளை விரட்டினார். “எம்மா, எந்திரிங்கம்மா! சோறெல்லாம் போச்சு!” என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து முதலில் பென்சிலைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள்.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து தூக்குவாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். “இத்தனை பேரும் பசியோட வாராங்க. கண்ணை முழிச்சுக்கிட்டு இருக்கதுக்கு என்னளா ஒனக்கு?”

அம்மா ஈரத் தாள்களைப் பொறுக்கினாள். நாலைந்து தாள்களைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொரு தாளாக மடியில் வைத்து நீவிக்கொண்டு வந்தாள். நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போன தாள்களை மறுவாரம் அந்தச் சின்ன டீச்சரிடம் புத்தகம் வாங்கி, மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து எழுதி எடுத்தாள்.

அந்தத் தடவை கணக்கில் போய்விட்டது. அம்மா மறுபடியும் பணம் கட்டினாள், மறுபடியும் அரைத்தாள், நான் மறுபடியும் வாசித்தேன். அடுத்த தடவை தேறிவிட்டாள். பெரிய வகுப்பு எடுக்க அதற்கு உண்டான பயிற்சியும் வேண்டும் என்பதால் உடனே மனுப் போட்டாள்.

பாளையங்கோட்டை ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது என்று கடிதம் வந்தபோது அடுத்த சீசன் ஆரம்பித்திருந்தது. வீடு நிறைய ஆட்கள். வாசிப்பது என் வேலை ஆகிவிட்டதால் நானே எல்லார் நடுவிலும் அதை உரக்க வாசித்தேன். இரண்டு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் எனக்கே குரல் இறங்கிவிட்டது.

“யோசிப்போம்” என்றார் அப்பா. வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்லுவார். அது தெரிந்தவள் ஆகையால் அம்மா கடிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தை அப்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். “என்னலே யோசிக்கே?” என்றாள் தம்பியிடம்.

“இல்லக்கா, பிள்ளைய ஆரு பாக்கது? சோறு ஆரு பொங்கது?”

“என் மவன் வீட்ல மருமவ இருக்கா, அங்க எனக்கு என்ன வேலை?” என்றவள் அம்மா பக்கம் திரும்பினாள். “ஏளா, எத்தனை சீசனா ஒங்கையால தின்னுட்டு அருவில போய் நின்னுருக்கேன். ரெண்டு வருஷம் நான் இங்கன இருந்து பொங்கிப் போடுதேன். நீ போயிட்டு வா.”

“அக்கா, அது வந்து…”

“நீ சும்மா இருலே.”

அம்மா அடுக்களைக்குள் போனாள். கல்லில் கிடந்த தோசை கருகிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளென்று நான் நம்பியிருந்தது அத்தையைத்தான். அன்று அவளிடம் பேசவே பிடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அப்பா என்னை அம்மாவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ். அத்தை முறுக்கு கொடுத்துவிட்டிருந்தாள். அம்மா எங்களைப் பிரிந்த ஏக்கத்தில் துரும்பாக இளைத்திருப்பாள், என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுவாள், நான் கண்ணைத் துடைத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அவள் இன்னும் இரண்டு பெண்களோடு சிரித்துக்கொண்டே வந்தாள். கன்னம் பூரித்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிருந்தது. நிதானமாக நடந்து வந்தாள். அம்மா ஓடாமல் நடந்ததை நான் அதற்குமுன் பார்த்ததாக ஞாபகமில்லை. என் தலையைத் தடவினாள். அழவில்லை.

“ஒனக்கு எங்க நெனப்பே இல்லையாம்மா?”

“இல்லாம இருக்குமா ஏட்டி?”

“அப்போ இங்கன என்னதான் செய்யுதே?”

அம்மா உண்மையாகவே யோசித்தாள். “படிக்கேன். மணி அடிச்சா சாப்பிடுதேன், வேற யாரோ பொங்கி, வேற யாரோ வெளம்புதாங்க. மணி அடிச்சா தூங்குதேன். நல்லாத் தூங்குதேன் பாத்துக்கோ. போன வாரம் அஞ்சாம் வகுப்புக்குப் பூமி சுத்துறதைப் பாடம் எடுத்தேன். ஒரு பய என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா…”

அந்தப் பையன் என்ன கேட்டான் என்று நான் காதில் வாங்கவில்லை. முறுக்கை நீட்டிவிட்டு அப்பாவின் பக்கம் ஒண்டிக்கொண்டேன். கிளம்பும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அம்மா படிப்பை முடித்துவிட்டு வந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தாள். அத்தை கடைசிவரைக்கும் கோவில்பட்டிக்குத் திரும்பிப் போகவில்லை. நானும் படித்து, ஒரு ஆபீஸில் சேர்ந்து, சமையலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓடியோடி ஓய்ந்து ரிடையர் ஆனேன். ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்த ரயிலில் எனக்கு இருந்தது கோபம் ஒன்றுதான்.

“அம்மாவுக்கு நாம வேண்டாம்ப்பா” என்றேன்.

அப்பா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, “அவ மொகத்தைப் பாத்தேல்லா?” என்றார்.

“பாத்தேன்.”

அவரும் என் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறந்தது முதல் நான் பார்த்துவந்ததுதான் அம்மாவின் முகம் என்றும், பாளையங்கோட்டைக்குப் போய் அவள் மாறிவிட்டாள் என்றும் நம்பினேன். அத்தனை வருஷமும் நான் பார்த்தது அவளுடைய களைப்பை என்று எனக்கு அப்போது தெரியாது.