சனிக்கிழமை வாளி

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஹாலந்துக்காரர். கதவு நிலையில் குனிந்து வரும் உயரம், எந்நேரமும் ரப்பர் பூட்ஸ். சனிக்கிழமைதோறும் தன் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்டில், மழைநீர் சேரும் குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அதை வெளியேற்றும் பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலியோரம் வந்து, “நீங்கள் ஊற்றிப் பார்த்தீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்பார்.

“பார்த்தாச்சு” என்பேன். ஒருநாளும் பார்த்ததில்லை.

“கடலில் ஒரு பகுதியைச் சுற்றிக் கரை கட்டி, தண்ணீரை இறைத்தெடுத்த தரையில் பிறந்தவன் நான்,” என்றார் ஒருமுறை. “கடல் எங்கேயும் போய்விடவில்லை. பம்ப் எப்போது நிற்கும் என்று கரைக்கு வெளியே காத்திருக்கிறது.” நான் சிரித்துவைத்தேன்.

ஒரு பெருமழையில் எங்கள் பேஸ்மென்டில் கணுக்காலளவு தண்ணீர் ஏறியது. கூப்பிடாமலேயே தன்னிடமிருந்த இன்னொரு பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஐயோ, போன மாசம் மாவு அரைக்க நான்தாங்க பம்ப் பிளக்க எடுத்துட்டு கிரைண்டர மாட்டினேன்,” என்று மனைவி என் காதில் கிசுகிசுத்தாள்.

சுவரில் கிரைண்டர் பிளக்கை அவரும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தண்ணீரை இறைத்துவிட்டுப் போனார்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஊற்றுகிறேன். காலி வாளி தெரியும்படி வேலியோரம் போய் நிற்கிறேன். அவர் வெயிலைப் பற்றித்தான் பேசுகிறார்.