பெருமூச்சு விட்ட புல்வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் கூட்டாளியும் சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு மன்றத்தின் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புல் வெட்டுவதும் கோடு போடுவதும் எங்கள் வேலை. சிங்கப்பூர் மழைக்கு அந்தப் புல் கொஞ்சம்கூட வெட்கப்படாது. இன்று வெட்டினால் நாளை மறுநாள் மறுபடி நிற்கும். நான் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதவன் என்பதால் அவன் என்னை ‘ஃபாதர்’ என்பான். பொங்கலோ பால்குடமோ எதையும் விடாத அவன் எனக்குப் ‘பூசாரி’.

அவனுக்கு இடுப்பு கெட்டுப்போயிருந்தது. தள்ளு மெஷினைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வண்டி ஒன்று ஏஜென்ட் மூலம் சோதனைக்கு வந்தது. மன்றச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கறார் பேர்வழி.

“ஓட்டிப் பாருங்கோ. சரிவந்தா வாங்குவம். இல்லாட்டி பழைய மெஷின்தான்” என்றார்.

வண்டி திரும்பிப் போனால் அவனும் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

ஆயுத பூசை வந்தது. அவன் தேக்காவில் மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம் எல்லாம் வாங்கிவந்து வண்டியை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்தான். கை வைத்த இடமெல்லாம் பொட்டு. நான் மட்டும் சும்மா இருப்பேனா? மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை நாலு சொட்டு தெளித்தேன். இரண்டு பக்கமும் ஆசீர்வாதம் வாங்கிய வண்டி சிங்கப்பூரிலேயே அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் காலை கிளம்பியது, கொஞ்ச தூரம் வெட்டியது, இருமியது, நின்றது. சாவியைத் திருப்பினால் உறுமியதே தவிர கிளம்பவில்லை. பிரேக் மிதித்திருக்கிறதா, கத்தி இணைப்பு விலகியிருக்கிறதா என்று பார்த்தோம். பெட்ரோல் மூடியைத் திறந்தான். ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சு. உள்ளே பெட்ரோல் தளும்பியது. மூடினான். நான் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். கிளம்பிவிட்டது!

“பிளக்தான் லா. நான் சொல்லல?” என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். திடலின் பாதிகூடத் தாண்டாமல் மறுபடி நின்றது.

“நீ தெளிச்ச தண்ணிதான் ஃபாதர் உள்ள எறங்கிருச்சு.”

“நாலு சொட்டுல எறங்குதா? நீ சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கினியே, அது என்னவாம்?”

முறைத்துக்கொண்டே பேட்டரி வயர்களை இறுக்கினோம். பெட்ரோலைப் பார்த்தோம், மறுபடி அதே பெருமூச்சு. கிளம்பியது. நின்றது. இந்த முறை செயலாளரே குடையோடு திடலுக்குள் இறங்கி வந்துவிட்டார்.

“என்ன, திரும்பவும் நிண்டுட்டுதோ? நாளைக்கு ஏஜென்ட் வாறான். ஓடாட்டி ஏத்தி அனுப்பிப்போடுவன்.”

அவர் பக்கத்தில் நின்றதும் பூசாரிக்கு அவசரம் வந்துவிட்டது. மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தான். மூடுவதற்குப் பதில் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டான். எனக்கும் அது கண்ணில் படவில்லை. வண்டி கிளம்பியது. அந்தக் கோடி வரை போனது, திரும்பியது, மறுபடி போனது. நிற்கவே இல்லை. பக்கத்தில் வந்தபோதுதான் டாங்கி வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

“டேய், மூடி எங்கடா? பெட்ரோல் சிந்தும்டா!”

அவன் பதறிப்போய் வண்டியை நிறுத்தி மூடியைத் திருகினான். மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதன் நடுவில் காற்றுப் போக ஊசிமுனை அளவு ஓட்டை. அதன்மேல் காய்ந்து இறுகிப்போய் அவனுடைய சந்தனப் பொட்டு. காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை. அந்தப் பெருமூச்சுக்கு இதுதான் காரணம்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டைக்குள் மாதா பதக்கத்தை மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஓட்டையைக் குடைந்து ஊதினேன்.

“பூசாரி அடைச்சதை ஃபாதர் தொறந்துட்டாரு சார்!” என்று அவனே செயலாளரிடம் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவருக்கும் சிரிப்பு வந்தது; குடையால் மறைத்துக்கொண்டார்.

அன்று திடல் முழுவதும் வெட்டி முடித்த பிறகும் அவன் இறங்கவில்லை. வெட்டிய இடத்திலேயே இன்னும் ஒரு சுற்று ஓட்டினான். முடிந்துவிட்டது, இறங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏஜென்ட் மறுநாள் வண்டியை ஏற்றாமலே போனார். வண்டி எங்களோடு தங்கியது.

அடுத்த ஆயுத பூசைக்கும் அவன்தான் சந்தனம் குழைத்தான். விளக்கு, ஸ்டியரிங், சீட் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், மூடியிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டான். சந்தனம் ஒட்டிய விரலோடு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“இங்க ஓட்டை ஒண்ணும் இல்லையே, ஃபாதர்?” என்று கேட்டுக்கொண்டே என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டான்.

வீடு போய்ச் சேரும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.