பதிமூன்றில் நல்ல பத்து

ஒரு வருஷமாக ஆல்வின் ராப் விளக்குகளைத் திட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கி சுடும் சங்கத்தின் சுடுதளத்தில் புது விளக்குகள் போட்ட பிறகுதான் தன் குண்டுகள் ஓரம் போகின்றன என்பது அவர் முடிவு. விளக்கு இல்லையென்றால் வெடிமருந்தில் ஈரம். ஈரமும் இல்லையென்றால் ரவை மட்டம்.

சமையல் ரவைதான். அவர் சுடுவது பழைய மாதிரி ரிவால்வர், அதற்குத் தோட்டா கிடையாது. ஆறு அறைகளிலும் தனித்தனியாகக் கருமருந்து கொட்டி, மேலே ரவை கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, கொழுப்புத் தடவி, பின்பக்கம் பொறி தரும் செப்புக் கேப்பு மாட்ட வேண்டும். மருந்து கொஞ்சமாகத்தான் போகும் என்பதால், ரவை இல்லாவிட்டால் குண்டு அறையின் ஆழத்தில் உட்கார்ந்துவிடும், கிளம்பும்போது கோணிக்கொள்ளும். சூப்பில் போடும் உருண்டைக்காக அவர் மனைவி ஹெட்விக் வாங்கி வைக்கும் ரவையில் பாதி இப்படித்தான் புகையாகப் போனது.

வேலைக்காலம் முழுவதும் ஜெர்மனியின் பிராங்கன் மலைச்சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர் ஆல்வின். எதிலும் அவசரம் பிடிக்காது. நவீன பிஸ்டலில் ஒன்றும் செய்வதற்கில்லை, விசையை இழுத்தால் வேலை முடிந்தது என்பார். கருமருந்தில் எல்லாம் தன் கைவேலை. குண்டு தவறினால் தவறு எங்கே நடந்தது என்று உட்கார்ந்து தேடலாம். தேடுவதில் அவருக்கு அலுப்பே வராது. அதனால்தான் அவரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது சிரமமாக இருந்தது.

சங்கக் கூட்டத்தில் தலைவர் ஹார்ட்முட், ஈஸ்டரோடு ஞாயிற்றுக்கிழமைக் காலை கருமருந்து நேரத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னார். ஹார்ட்முட் வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் போடும் தொழில் பார்த்தவர். ஆல்வினும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"நாலு பேர் சுடறதுக்காக மத்தவன் எல்லாம் இருமணுமா? அந்தப் புகை மத்தியானம் வரைக்கும் போக மாட்டேங்குது."

"நீ வாசல்ல நின்னு ஊதற சிகரெட்டு மூலிகையாடா?" என்றார் ஆல்வின்.

"புகைகூடப் பரவாயில்லப்பா. குண்டு அட்டையில படணும்ல? உன் கிழட்டு இரும்பு புகை மட்டும்தானே விடுது."

ஆல்வினுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. எழுந்து நின்றார். "உன் புது பிஸ்டலுக்கு இது ஒரு புள்ளி குறையாது. ஒரே ஆளு, ஒரே தூரம், ஒரே மாதிரி அட்டை. சுட்டுப் பார்த்துடலாம்."

"யாரு சுடறது?"

"நான்தான். வேற யாரு?"

"சரி. உன் ரிவால்வர் பின்தங்கினா ஞாயித்துக்கிழமை நேரம் போச்சு. அப்புறம் முனகக் கூடாது."

"பின்தங்கலைன்னா?"

"நேரம் அப்படியே இருக்கும். எல்லாரும் கேட்டுக்குங்கப்பா."

இருபத்தைந்து மீட்டர். கருமருந்துப் போட்டிகளின் வழக்கப்படி பதிமூன்று குண்டுகள், அவற்றில் நல்ல பத்து மட்டும் கணக்கு, மொத்தம் நூறு புள்ளி. இரண்டு துப்பாக்கிக்கும் அதே விதி.

அந்த வாரம் ஆல்வின் கொட்டகையே கதியென்று கிடந்தார். ஈயம் உருக்கிக் குண்டு வார்த்தார். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, எடை குறைந்ததை மறுபடி சட்டியில் போட்டார். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் குண்டு நேராகப் போகாது. ஹெட்விக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"குண்டை எல்லாம் சோதிக்கிறே. கண் டாக்டர்கிட்ட போன்னு கிறிஸ்துமஸ்லேர்ந்து சொல்றேன்."

"கண்ணுக்கு என்ன கேடு? பேப்பர் படிக்கிறேன்ல?"

"ஜன்னல்ல ஒட்டிக்கிட்டுப் படிக்கிறே. ராத்திரி எதிர்ல வர்ற காரைப் பார்த்தா கையால முகத்தை மறைக்கிறே. காபியை மேஜைக்கு ஊத்துறே. புரை விழுந்த கண்ணு எத்தனை பார்த்திருக்கேன் நான்!"

"அங்க விளக்கு சரியில்ல ஹெடி."

"நம்ம அடுப்படியில எந்த விளக்குய்யா சரியில்ல?"

ஆல்வின் அடுத்த குண்டைத் தராசில் வைத்தார். இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கமே கூடிவிட்டது. முதலில் ரிவால்வர். ஒவ்வொரு குண்டுக்கும் புகை கலையும்வரை காத்திருந்து, மூச்சை அடக்கிச் சுட்டார். இலக்கின் கருவட்டம் ஈரக் காகிதத்தில் ஊறிய மை மாதிரி பரவித் தெரிந்தது. பாழாய்ப்போன விளக்கு என்று மனதுக்குள் வைதுகொண்டு அதன் நடுவைக் குறிவைத்தார். அடுத்து சங்கத்தின் நவீன பிஸ்டல். திருகித் திருத்தக்கூடிய குறிமுனை, விரல் பட்டதும் இளகும் விசை. பதிமூன்றும் மளமளவென்று தீர்ந்தன. துப்பாக்கியைக் கீழே வைத்தபோது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. இதில் மருந்து இல்லை, ரவை இல்லை, தான் வார்த்த குண்டு இல்லை. ஆனாலும் கருவட்டம் அதே போலத்தான் ஊறிக் கிடந்தது.

ரிவால்வருக்கு எழுபத்துநாலு. பிஸ்டலுக்கு எழுபத்திரண்டு.

"பார்த்தியா?" ஆல்வின் மேஜையைத் தட்டினார். "பார்த்தியாடா ஹார்ட்முட்? ரெண்டு புள்ளி ஜாஸ்தி!"

ஹார்ட்முட் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பள்ளிப் பேருந்து ஓட்டும் கொரினா எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதுக்காரி, சங்கத்தில் அவளை விஞ்ச ஆளில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் ஆல்வின்," என்றாள். "கோழிக்குத் தீனி இறைச்ச மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்ட்முட் மட்டும் சிரிக்கவில்லை. "மூணு வருஷம் முன்னாடி இதே ரிவால்வர்ல தொண்ணூறு சுட்டவன் நீ. கோப்பையோட உன் படம் அந்தச் சுவத்துல தொங்குது. இதை வெச்சுத் துப்பாக்கியை எப்படிய்யா ஒப்பிடறது? கண்ணைக் கட்டிவிட்டா எந்த ரெண்டு துப்பாக்கியும் சமம்தான்."

"அப்போ கொரினா சுடட்டும்!" என்று கத்தினார் ஆல்வின். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கோபம் வந்தால் அவரால் முடியாது.

கொரினா பிஸ்டலில் தொண்ணூற்றைந்து எடுத்தாள். பிறகு ரிவால்வரை வாங்கிக்கொண்டாள். ஆல்வின் மருந்தையும் ரவையையும் முன்கூட்டியே அளந்து குப்பிகளில் அடைத்திருந்தார். குப்பிக்கு இரண்டு வாய்: சிவப்பு மூடிப் பக்கம் மருந்து, பச்சை மூடிப் பக்கம் ரவை. அவர் காட்டிக்கொடுத்தும், பேச்சு சுவாரஸ்யத்தில் கொரினா இரண்டு குப்பிகளில் பச்சையை முதலில் திறந்துவிட்டாள். அடியில் ரவை, மேலே மருந்து. கேப்பு டப்பென்றது, பொறி மருந்தை எட்டவில்லை, குண்டு அசையவில்லை.

"அசையாதே! துப்பாக்கியை அட்டைப் பக்கமே பிடி!" ஆல்வின் பதறினார். தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும்.

"இதுல சுடணுமா, இல்ல சமைக்கணுமா?" என்றாள் கொரினா, கை நீட்டியபடியே.

இரண்டு முறை இப்படி ஆனது. மீதிப் பதினொன்றில் நல்ல பத்துக்கு எண்பத்தெட்டு.

"ஏழு புள்ளி பின்தங்கிடுச்சு," என்றார் ஹார்ட்முட்.

"அவ இதை இன்னைக்குத்தான்யா முதல் தடவை தொடறா! அதோட குறிமுனை என் கண்ணுக்காக நான் ராவி வெச்சது. பேச்சு என்ன? நான் சுடறதுன்னுதானே பேச்சு?"

"அவ சுடட்டும்னு கத்தினது யாரு? உன் பாட்டனா?"

அரை மணி நேரம் இதே கூச்சல். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால் யாராலும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் கொரினா குறுக்கே வந்தாள். "பிஸ்டல் நான் பத்து வருஷமா சுடறேன். இதை இப்பத்தான் கையில எடுத்தேன், அதுவும் ரெண்டு அறையைச் சொதப்பிட்டு. வித்தியாசம் ஏழுதான்னா இந்த இரும்பைக் குறை சொல்லாதீங்க ஹார்ட்முட். நல்லாத்தான் போகுது."

ஹார்ட்முட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. பேசினது பேசினதுதான். நேரம் இருக்கட்டும்." ஆல்வின் வாய் திறப்பதற்குள் விரலை நீட்டினார். "ஆனா நீ சுடக் கூடாது. பழசும் கூடாது, புதுசும் கூடாது. கண் டாக்டர் எழுதிக் கொடுத்தப்புறம் வா. அட்டை தெரியாதவன் கையில நான் மருந்தைக் கொடுக்க மாட்டேன். ஏதாவது ஆனா தளத்துக்கு நான்தான் பொறுப்பு."

"அப்போ யாருக்குய்யா அந்த நேரம்?"

"மத்த மூணு பேருக்கு."

ஆல்வின் மற்ற மூவரையும் பார்த்தார். மூவரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிஸ்டலில் சுட்ட அட்டையும் அந்த மேஜையில் கிடக்கும்போது எதைச் சொல்லி ஹார்ட்முட்டை மறுப்பது? ஆல்வின் வெளியே போய் ஹெட்விக்குக்குப் போன் போட்டார்.

"டாக்டர்கிட்ட நாள் கேளு," என்றார்.

"எப்பவோ கேட்டுட்டேன். ஜூலையிலதான் கிடைச்சிருக்கு."

"ஜூலையா? இது ஏப்ரல்டி!"

"கிறிஸ்துமஸ்லயே கிளம்பியிருந்தா இந்நேரம் ரெண்டு கண்ணும் முடிஞ்சிருக்கும்," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

கருமருந்து சுட்ட துப்பாக்கியை அன்றே கழுவ வேண்டும். விட்டால் மறுநாள் துரு. சங்கத்தின் சமையலறைத் தொட்டியில் ரிவால்வரின் ஆறு அறை உருளையைக் கழற்றிப் போட்டு, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தார் ஆல்வின். தண்ணீர் கறுத்து ஓடியது. பீர்க் குவளையோடு உள்ளே வந்த கொரினா பின்னால் நின்று பார்த்தாள்.

"இன்னும் கறுப்பா இருக்கே."

"எங்க? போயிடுச்சு."

"போகல. இந்த அறையில இருக்கு. இதோ இதுலயும்."

அவர் உருளையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், முகத்துக்கு அருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கருமை இருக்கிறதா, நிழலா, ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் இதை அவர் வேறொருவரிடம் கொடுத்ததில்லை. அவள் கை நீட்டினாள். ஆல்வின் உருளையிலிருந்த தண்ணீரை உதறினார். பிறகு கொடுத்தார்.

"பிரஷ்ஷை முன்பக்கத்துலேர்ந்து விடு. அப்படி இல்ல. முழுசா உள்ள போகணும். தண்ணி இன்னும் சூடா ஊத்து. இப்படித் தேய்ச்சா நாளைக்கே—"

"பேசாம அந்தத் துண்டை எடுத்துக் கொடுங்க ஆல்வின்," என்றாள் கொரினா.

எடுத்துக் கொடுத்தார்.