தையல் போட்ட பொண்ணும் தரகர் அம்மாவும்

“மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பும்மா. ஆங்… அப்படியே இரு. இடது பக்கம்தான் ஒனக்கு எடுப்பா இருக்கு” என்று ஜன்னலோரம் மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் தரகர் அம்மா. ஒரு கையில் கைப்பேசி. இன்னொரு கையில், வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிப்பதற்காக ஒரு வெள்ளைத் துண்டு. எதிரே மெத்தையில் கிடப்பது ஒரு பூனைக்குட்டி. கருத்தடை ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் தையலோடு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தது. நக்காமல் இருக்க டாக்டர் கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்பு கழற்றப்பட்டுச் சோபாவில் கிடக்கிறது. “புனலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னா எந்தப் பொண்ணுதான் லட்சணமா இருப்பா?” என்கிறார். டாக்டர் கேட்டது தையலின் படம். அம்மா எடுப்பது பெண்ணின் படம்.

தொழில் புத்தி அது. இந்த வட்டாரத்தில் அவர் கைபடாமல் நடந்த கல்யாணங்கள் காதல் கல்யாணங்கள் மட்டும்தான். அவற்றிலும் ஒன்றிரண்டில், பெரியவர்கள் பார்த்து முடித்ததுபோல ஊருக்குக் காட்ட வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டுப் படத்துக்கு நிற்க வைத்திருக்கிறார்கள். நின்றார். பலகாரப் பையையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பொய் சொல்கிறார் என்று யாரும் அவரைக் குற்றம் சாட்ட முடியாது. எதையும் நல்ல பக்கமாகத் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். வேலை வெட்டி இல்லாதவன் “சொந்தமா ஒண்ணு யோசிச்சிட்டிருக்கார்.” மத்தியானம் வரை தூங்குகிறவன் “நிதானமான பையன்.” மாமியாரோடு மல்லுக்கு நிற்பாள் என்று தெருவே சொல்லும் பெண் “தைரியசாலி, நாலு பேர் மத்தியில பேசத் தெரிஞ்சவ.” கேட்கிறவர்கள் ஒன்றும் ஏமாளிகள் அல்லர். அவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி இதே பாஷையில்தான் சொல்லியனுப்பியிருப்பார்கள்.

அவருக்கே மாப்பிள்ளை பார்த்த தரகர், “யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாத பையன்” என்று சொல்லித்தான் முடித்துவைத்தாராம். கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தரகர்மேல் மரியாதை வந்தது. அன்றைக்கே இந்தத் தொழிலில் இறங்கிவிட்டார் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்கிறார். அவர் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் மனைவி பேச ஆரம்பித்தால் வலது பக்கத்தைக் காட்டித்தான் உட்காருவார்.

குட்டி வந்தது ஒரு மழைநாளில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். “மழை விடற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்” என்றார் அம்மா. மழை விட்டது, குட்டி போகவில்லை. பெயர் வைக்கச் சோம்பல்பட்டு அதைப் ‘பொண்ணு’ என்றே கூப்பிட்டார்கள். பொண்ணு வளர்ந்தது. மதில்மேல் ஆண் பூனைகள் வந்து உட்கார ஆரம்பித்தன. வேறு யாராக இருந்தாலும் தண்ணீரை வீசி விரட்டியிருப்பார்கள். அம்மா காபி டம்ளரோடு வாசலில் நின்று ஒவ்வொன்றாக விசாரித்தார். “அந்தச் சாம்பல் கலர் பையன் பாக்க நல்லாத்தான் இருக்கான், ஆனா நிலையா ஒரு எடம் கெடையாது. கறுப்பன் வேணவே வேணாம். அவன் ரெண்டு தெருவுல குடும்பம் வெச்சிருக்கான்.”

ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இன்னும் ஒரு எடங்கூட அமையல, அதுக்குள்ளயா?” என்று வீட்டுக்காரரிடம் புலம்பினார். அன்றைக்கு ஏனோ அவருக்கு நன்றாகக் காது கேட்டது. “நாலு குட்டி போட்டா, அந்த நாலுக்கும் நீதான் எடம் பாக்கணும்” என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டார். மனைவியின் வாயை மூட வைத்த ஒரே வாக்கியம் அது என்று வீட்டுக்காரர் இன்னும் பெருமைப்படுகிறார்.

மயக்கம் தெளியாமல் குட்டி சுவரோடு சாய்ந்து சாய்ந்து நடந்ததைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டார். “என்னாச்சு பொண்ணுக்கு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல. வெளிய போயிட்டு வந்தா, பிரயாணக் களைப்பு” என்றார் அம்மா. ஆபரேஷன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி வெளியாளிடம் அப்படியெல்லாம் சொல்லலாமா?

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகத்தான் சொல்லியனுப்பியிருந்தார். தையல் பிரிக்கிற வரைக்கும் கூம்பைக் கழற்றக் கூடாது. தாவ விடக் கூடாது. மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் தையலைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “ஒங்களுக்கு வீட்டுல பாக்கறாங்களா டாக்டரம்மா?” என்று கேட்டுவிட்டு வந்தார்.

படம் அனுப்புவதில் மட்டும் அவர் ஒரு நாளும் தவறவில்லை. முதலில் முகம், பிறகு பக்கவாட்டில் ஒன்று, கடைசியில் போனால் போகிறதென்று வயிறு. அவருடைய கைப்பேசியில் படத்தைப் பளிச்சென்று ஆக்கும் வசதி ஒன்று உண்டு. முகப்பருவை மறைக்கும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைத் துடைத்துவிடும். எத்தனையோ பெண்கள் அதன் புண்ணியத்தில் கரையேறியிருக்கிறார்கள். எந்தப் படத்தையும் அதில் ஒரு தடவை தேய்க்காமல் அனுப்ப அவருடைய கட்டைவிரலுக்குத் தெரியாது. பூனையின் வயிற்றையும் தேய்த்தது. தையலைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்த இடம் வழுவழுவென்று ரோஜா நிறமாகிப் போனது. “சூப்பர்மா, நல்லா ஆறுது” என்று டாக்டரிடமிருந்து பதில் வந்தது. பெண் பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியதுபோல அந்தப் பதிலை வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை காட்டினார்.

அதற்கு அடுத்த நாள் டாக்டரே கூப்பிட்டார். அந்த நேரத்தில் பொண்ணு ஃப்ரிட்ஜின்மேல் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் கூம்பு இல்லை. படம் எடுக்கக் கழற்றியதை மறுபடி மாட்ட அம்மாவுக்கு மனசு வரவில்லை.

“தாவறாளாம்மா?”

“அய்யய்யோ, அடக்கமான பொண்ணு டாக்டரம்மா. வெச்ச எடத்துல இருப்பா.”

“தையலை நக்கறாளா?”

“ரொம்பச் சுத்தம் பாக்கறவ.”

“சாப்பிடறாளா?”

“அளவாத்தான் சாப்பிடுவா. அதெல்லாம் வளர்ப்பு.”

முந்தின நாள் வைத்த சாப்பாடு கிண்ணத்தில் அப்படியே காய்ந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வேண்டுமென்று மறைத்தாரா என்று கேட்டால், இல்லை. யாராவது ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தால் அவர் வாய்க்கு வேறு விதமாகப் பதில் சொல்லத் தெரியாது, பாவம்.

மறுநாள் காலையில் தபால் ஆபீஸ் அம்மா வந்திருந்தார். தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை, ஒரே மகள், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு அன்று மாலை பதில் சொல்லியாக வேண்டும். “பையன் குணம் எப்படிங்க?” என்று ஒரு வாரமாகத் தொளைத்துக்கொண்டிருந்தார். “உரிமையோட நாலு வார்த்தை பேசுவார். மனசு வெள்ளை” என்று அம்மாவும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே பையனுக்குப் போன வருஷம் நிச்சயமான இடம் ஏன் முறிந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும். தபால் ஆபீஸ் அம்மாவுக்குத் தெரியாது.

அன்றும் அதே பேச்சு ஆரம்பிக்கும்போது, வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியிலிருந்து குட்டியைத் துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கூப்பிட்டும் வரவில்லையாம், சீறவும் இல்லையாம். அவர் துண்டை விலக்கினார். வயிறு வீங்கி அனலாகக் கொதித்தது. தையல் ஓரிடத்தில் வாய் பிளந்து மஞ்சளாகக் கசிந்தது. அவர் மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்து, முந்தின நாள் டாக்டருக்குப் போன படத்தைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார்.

“இந்தப் படத்துல இருக்கற பூனை யாரு?” என்றார்.

அம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு நேரமும் கணீரென்று பேசிக்கொண்டிருந்தவர், “என்னங்க… என்னங்க…” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டார். தபால் ஆபீஸ் அம்மாதான் கார் சாவியை எடுத்தார். “ஏறுங்க. கல்யாணப் பேச்சு அப்புறம் பேசிக்கலாம்.”

டாக்டர் வயிற்றைப் பார்த்த பார்வையிலேயே அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. “நேத்து நல்லாருந்துச்சேம்மா. இது ஒரு நாள்ல வந்த மாதிரி தெரியலியே. எப்ப ஆரம்பிச்சுது?”

“அது… கொஞ்சம் பூசினாப்புல இருந்தா…”

“அம்மா” என்றார் டாக்டர். குரல் உயரவில்லை, ஆனால் பொறுமை போய்விட்டது. “நான் இவள பொண்ணு பாக்க வரல. நீங்க மறைச்சா நான் தப்பா மருந்து குடுப்பேன். தப்பா குடுத்தா இவ பொழைக்க மாட்டா. நடந்தது நடந்தபடி சொல்லுங்க.”

அம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு குறையைக் குறை என்றே சொல்ல வேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் வாய் அதற்குப் பழகியதே இல்லை.

“ஏறினா. ஃப்ரிட்ஜ் மேல ஏறினா, அங்கேர்ந்து குதிச்சா. புனலை நான்தான் கழட்டினேன், படத்துக்கு நல்லா இல்லன்னு. நக்கிக்கிட்டே இருந்தா. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல. படத்த… படத்த நான் பளிச்சுனு ஆக்கி அனுப்பினேன் டாக்டரம்மா. சிவந்துதான் இருந்துச்சு. மொத நாளே சிவந்துதான் இருந்துச்சு.”

“மருந்து?”

“துப்பிட்டா. குடிச்சிட்டான்னு நானே நெனச்சுக்கிட்டேன்.”

அவ்வளவு சொன்னால் போதும். ஆனால் அணை உடைந்துவிட்டது. “பொல்லாத பொண்ணு டாக்டரம்மா. அடக்கமே கெடையாது. சோபாவக் கிழிப்பா. தட்டுல இருக்கற மீனத் தூக்கிட்டு ஓடுவா. ராத்திரி காலக் கடிப்பா. என் வீட்டுக்காரர் மடியிலதான் படுப்பா, எங்கிட்ட வரவே மாட்டா…” சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அது போதும்மா, அது எனக்கு வேணாம்” என்றார் டாக்டர், ஊசியைத் தயார் செய்தபடி. “வெளிய உக்காருங்க.”

வெளியே மர பெஞ்சில் தபால் ஆபீஸ் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே பேசியது முழுக்கத் தபால் ஆபீஸ் அம்மா காதில் விழுந்திருந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினார். பக்கத்தில் ஒரு நாய் தன் முறைக்காக நடுங்கிக்கொண்டு காத்திருந்தது. தரகர் அம்மாவும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார். வேறொரு நாளாக இருந்தால் அந்த நாய்க்காரர் கல்யாணமானவரா என்று இந்நேரம் விசாரித்து முடித்திருப்பார்.

கதவு திறந்தது. “உள்தையல் கெட்டுப்போகல. வெளித்தையல் மட்டும்தான். சுத்தம் பண்ணி மறுபடி போட்டாச்சு” என்றார் டாக்டர். “காய்ச்சல் இருக்கு, ஆனா பொழைச்சுக்குவா. நீங்க உள்ளதச் சொன்னதால எனக்கு வேலை சுலபமாச்சு.” மயக்கத்தில் துவண்டு கிடந்த குட்டியைத் துண்டோடு அம்மாவின் மடியில் வைத்தார். கூம்பின் விளிம்பு அம்மாவின் மணிக்கட்டில் அழுந்தியது. அவர் அதை நகர்த்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குட்டியின் காதுக்குப் பின்னால் ஒற்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

தபால் ஆபீஸ் அம்மா மணியைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

“சாயங்காலம் நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். உள்ள டாக்டர்கிட்ட சொன்னீங்களே, அந்த மாதிரி எங்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. எம் பொண்ணு எனக்கு ஒருத்திதான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தப் பையன் கோபம் வந்தா கை நீட்டுவானா?”

தரகர் அம்மா வாயைத் திறந்தார். உரிமை, வெள்ளை மனசு, வயசுக் கோளாறு என்று எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டார். பிறகு தபால் ஆபீஸ் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.